நாலுமணி இருட்டு

சில்க்போர்க், டென்மார்க்
24 நவம்பர் 2025

நிதுஷன் அண்ணை,

உங்கள் நாற்பத்துமூன்று அழைப்புகளையும் பார்த்தேன். எடுக்கவில்லை. இப்போது நம்பரையும் தடுத்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் ஐந்து நிமிடத்தில் படம் பிடித்து அடுத்த ஆளுக்கு அனுப்புகிற சனம் நாங்கள். அதனால்தான் கடிதம். தாளையும் படம் பிடிக்கலாம். ஆனால் உங்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வரும் என்று நம்புகிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஊரில் வேறு கதை ஓடுகிறது.

போன வியாழக்கிழமை நாலு மணிக்குக் காரில் இருந்து வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலைக் கேட்டேன். மாதம் தொடங்கியதிலிருந்து, நாளுக்கொரு கவிதையாக, தினமும் கேட்கிறேன். அந்த நேரத்தில் வெளிச்சம் முடிந்துவிடும், முதியவர்களைப் பராமரிக்க எனக்கு இன்னும் ஆறு வீடு மிச்சமிருக்கும். யார் எழுதியது என்று சொல்லாமல் எல்லாருடைய கவிதையையும் நீங்களே வாசிப்பது எனக்குப் பிடித்திருந்தது. பெயர் தெரிந்தால் எங்கள் ஆட்கள் கவிதையைக் கேட்கமாட்டார்கள். எந்த ஊர், யாருடைய மகள், என்ன பகுதி, என்ன சாதி என்றுதான் கேட்பார்கள். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை வைலே மண்டபத்தில்தான் பெயர்களைச் சொல்வீர்கள் என்பது நல்ல விதி. தமிழ்ப் பள்ளியில் உங்களுக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவள் என்ற முறையில் எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அன்று நீங்கள் வாசித்தது இது:

குளிப்பாட்டப் பதினெட்டு நிமிடம்.
முதுகுக்கு நான்கு, காலுக்கு மூன்று.
விறைத்த கைக்கு நேரம் போடவில்லை.
வரவேற்பறைக்குப் பொருந்தாத மடு மாதா
குளியலறைச் சுவரில்
நீராவி பட்டு முகம் வீங்கியிருக்கிறா.
முடிந்ததா என்று கேட்கும் மகன்
கதவுக்கு அந்தப் பக்கம்.
இந்த வீட்டில் இவரைத் தொடுகிறவள் நான் மட்டும்.
எனக்குச் சம்பளம்.

முதலில் ‘அருமை’ என்று மூன்று ரோசாப்பூப் போட்டவர் யார் தெரியுமா? ஸ்ரிபன். அவருடைய அப்பா, அவருடைய குளியலறை, அவருடைய மாதா படம். அவருக்கு விளங்கவில்லை. ஆறேகாலுக்கு ஒரு பெண், “மாதா படம் பாத்ரூமிலை இருக்கிறது ஸ்ரிபன் அண்ணை வீட்டிலைதானே?” என்று போட்டாள். அவருடைய பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன அறுபது பேரும் அந்தக் குளியலறைக்குப் போயிருக்கிறார்கள். ஸ்ரிபன் ரோசாப்பூக்களை அழித்தார். ஏழு மணிக்குள், அவருடைய அப்பாவைக் குளிப்பாட்டுவது நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எட்டு மணிக்கு நான் கவிஞராகிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு வரி கவிதை எழுதியதில்லை நான்.

வெள்ளி காலை ஸ்ரிபன் எங்கள் பராமரிப்புக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதினார். ஒரு நோயாளியின் வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்வது இந்த வேலையில் முதலாவது குற்றம். அந்த வீட்டை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிசம்பர் எட்டாம் திகதி விசாரணை. அதில் நான் பொய் சொல்கிறேன் என்று முடிவெடுத்தால் வேலை போகும்.

அந்தக் குளியலறையில் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் எழுதவில்லை. உங்களுக்கு அனுப்பியது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய பெயரைச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. குழுவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘தர்ஷனா எழுதவில்லை.’

தர்ஷனா


கோப்பன்ஹேகன்
28 நவம்பர் 2025

அன்புள்ள தர்ஷனா,

உம்முடைய கடிதத்தை மெற்றோவில் வாசித்தேன். பிறகு மருத்துவமனையில் நிலம் கழுவுகிற இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டே மனதில் பதில் எழுதினேன். அங்கே எழுதிய பதில் நன்றாக இருந்தது. இப்போது தாளில் வருவது வேறு ஏதோ.

நீர் கேட்ட அந்த ஒரு வரியைத் தட்டினேன். அனுப்பவில்லை. நீர் எழுதவில்லை என்று நான் சொன்னால், அடுத்த கேள்வி அப்போது யார் என்பதுதான். அந்தக் குளியலறையில் இரண்டு பேர்தான் என்று நீரே எழுதியிருக்கிறீர்.

அது எப்படி வந்தது என்று உமக்குச் சொல்லவேண்டும். நவம்பர் இரண்டு, இறந்தோர் தினத்தன்று, ஸ்ரிபனின் அப்பா அந்தோனிதாசன் அங்கிள் எனக்குப் பதினொரு நிமிடக் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். பக்கவாதம் வந்தபிறகு அவருக்குச் சொல் மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி, பிறகு மூச்சு, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, பிறகு அதே வரி, ஒரு சொல் மாறியிருக்கும். நான் அதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏன் உம்முடைய குரலில் சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். “என்ரை வாயாலை சொன்னா அது முறைப்பாடு தம்பி. அந்தப் பிள்ளையின்ரை வாயாலை சொன்னா அது வேலை” என்றார். ஜனவரியிலும் தன் பெயர் வேண்டாம், பெயர் சொல்ல விரும்பாதவர் என்று போடு என்றார். மகனுக்குத் தெரிந்தால் தன்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவான் என்று பயப்படுகிறார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதா படம் வரும் வரிகளால் ஆள் பிடிபடும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவற்றை எடுத்திருக்கலாம், அவரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் முழுக் கவிதையிலும் நல்லது அதுதான். விட்டுவிட்டேன்.

குழுவில் நூற்றைம்பது பேர் இருந்தோம், இப்போது முந்நூற்றுப் பத்து. எனக்கு அதில் பெருமை இல்லை என்று எழுதினேன், பிறகு வெட்டினேன். இரண்டு நாள் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமாக இல்லை.

விசாரணையில் நான் எழுதவில்லை என்று மட்டும் சொல்லும். அவர்களிடம் ஆதாரம் கிடையாது. கொஞ்சம் காலம் தாரும்.

நிதுஷன்


சில்க்போர்க்
2 டிசம்பர் 2025

நிதுஷன்,

அண்ணை என்று எழுதிப் பார்த்தேன். கை போகவில்லை.

ஆதாரம் கிடையாது என்கிறீர்கள். இங்கே யாருக்கு ஆதாரம் வேண்டும்? சனிக்கிழமை தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். “கவிதாயினி வந்திட்டா” என்று ஒருத்தி சொன்னாள். மற்றவள் தன் மாமியாரைப் பற்றி எழுதிப்போடாதே என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் தானாகச் செய்தது. என் அம்மாவாவது நம்புவா என்று நினைத்தேன். “எழுதினா எழுதினன் எண்டு சொல்லன், வடிவாத்தானே இருக்கு” என்கிறா. இருபத்தெட்டு வருடத்தில் அம்மா என்னிடம் வடிவாக இருக்கிறது என்று சொன்ன முதல் விஷயம் நான் செய்யாத ஒன்று.

நான் கம்பனியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அவர்தான் எழுதினார் என்று சொல்வதும் ஒரு நோயாளியின் இரகசியத்தைச் சொல்வதுதான். நான் வாய் திறக்கவில்லை என்று நிரூபிக்க நான் வாய் திறக்கவேண்டும். தொழிற்சங்கத்துப் பெண்ணிடம் பெயர் சொல்லாமல் இதை விளக்கினேன். அவள் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, இது சிக்கலான விஷயம் என்றாள். அதற்குத்தான் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன்.

அவரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்தாறு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிய மனிதர். அங்கே மேற்பார்வையாளருடன் டேனிஷில் சண்டை பிடிப்பாராம். பக்கவாதம் வந்த காலையோடு டேனிஷ் முழுக்கப் போய்விட்டது. தமிழ் மட்டும்தான் மிச்சம். பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்காது, மருமகளுக்கு நேரமில்லை, ஸ்ரிபன் கதவுக்கு வெளியே. இப்போது அங்கே தினமும் ஒரு புது ஆள் போகிறது. வலது தோளைத் தூக்கினால் நோகும் என்று அவர்களுக்கு அவர் எந்த மொழியில் சொல்வார்? என்னோடு வேலை செய்கிற பெண் சொன்னாள், அவரைப் பற்றி எழுதும் பராமரிப்பு நாட்குறிப்பில் இப்போது எல்லா நாளும் ஒரே வசனம்தானாம்: ‘அமைதியாக இருக்கிறார், பிரச்சினை இல்லை.’ அவர் கதைப்பதை நிறுத்தியதை இவர்கள் நல்ல செய்தியாக எழுதுகிறார்கள்.

அவரிடம் கேளுங்கள். சத்தியத்தை அவரே திருப்பி எடுக்கட்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லட்டும். வேண்டாம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். உங்களிடம் அவருடைய நம்பர் இருக்கிறது. எட்டாம் திகதிக்கு முன் எடுங்கள்.

தர்ஷனா


கோப்பன்ஹேகன்
6 டிசம்பர் 2025

தர்ஷனா,

இந்தக் கடிதம் விசாரணைக்கு முன் உமக்கு வராது. தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம், மகன் வேலையில் இருப்பார் என்ற நேரத்தில், எடுத்தேன். ஸ்ரிபன் எடுத்தார். அப்பாவின் தொலைபேசியை இப்போது அவர்தான் வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அமைதி வேண்டுமாம். எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டார். நத்தார்ப் பண்டிகைக்குக் கவிதை ஒன்று கேட்கலாம் என்று எடுத்தேன் என்றேன். எனக்கு எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். “அப்பாட்டையோ? அவருக்குக் கையெழுத்தே போடேலாது” என்றார்.

பிறகு அவர் என்னிடம் நேராகக் கேட்டார்.

“நிதுஷன், உமக்குத் தெரியும் யார் எழுதினதெண்டு. அவ இல்லையெண்டா இப்ப சொல்லும். நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன்.”

நான் குழுவில் ஒரு விதி இருக்கிறது என்றேன்.

“அப்ப அவதான்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த இடத்தில் ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று நேற்று முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டேன். இன்று காலை நிலம் கழுவும்போது அது உண்மையில்லை என்று தெரிந்தது. எனக்குப் பயம். ஸ்ரிபன் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், வைலே மண்டபத்துச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நான் யோசித்தது அதைத்தான்.

நேற்றும் நாலு மணிக்கு ஒரு கவிதை வாசித்தேன். பனியைப் பற்றி. நூற்றிருபது பேர் பூப் போட்டார்கள்.

நிதுஷன்


சில்க்போர்க்
11 டிசம்பர் 2025

நிதுஷன்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன்.

விசாரணை முப்பது நிமிடம். பிரிவுத் தலைவி, பணியாளர் பகுதியிலிருந்து ஒரு ஆள், தொழிற்சங்கப் பெண், நான். மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். டிசம்பர் என்றால் வேலையால் நிறுத்துவதற்கும் இங்கே மெழுகுதிரி வேண்டும்.

ஸ்ரிபன் கவிதையை டேனிஷில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். தலைவி அதை எனக்கு முன்னால் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்து, “அழகாகத்தான் எழுதியிருக்கிறாய்” என்றாள். நான் எழுதவில்லை என்றேன். அப்படியென்றால் இந்த விபரங்கள் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். சொல்லமுடியாது என்றேன். அதை அந்த ஆள் எழுதிக்கொண்டான்.

பிறகு நான்தான் முட்டாள்தனம் செய்தேன். அவள் வாசித்ததில் மகனும் இல்லை, கதவும் இல்லை. தொடுகிறவள் நான் மட்டும் என்ற வரியும் இல்லை. முதுகு, கால், மாதா படம், சம்பளம், அவ்வளவுதான். கேட்டால் ஏதோ சம்பளம் போதாமல் ஒருத்தி கிழவனைப் பற்றிப் புலம்புவது மாதிரி இருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இதில் மூன்று வரி காணாமல் போயிருக்கிறது என்று சொல்லி, விட்டுப்போன வரிகளை வரிசையாகச் சொன்னேன். டேனிஷில், அங்கேயே, அவரை விட நன்றாக மொழிபெயர்த்தேன்.

தலைவி மெதுவாகக் கேட்டாள்: “எழுதாத ஒருத்திக்கு இது எப்படி இவ்வளவு மனப்பாடம்?”

முந்நூறு பேருக்கு மனப்பாடம் என்றேன். அந்த ஆள் அதையும் எழுதிக்கொண்டான். தொழிற்சங்கப் பெண் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை போய்விட்டது. கார்ச் சாவியையும் அடையாள அட்டையையும் அங்கேயே கொடுத்துவிட்டு, பேருந்தில் வீட்டுக்கு வந்தேன். மூன்றரை மணி. பேருந்தில் எல்லாருடைய முகத்திலும் தொலைபேசி வெளிச்சம். நீங்கள் நாலு மணிக்கு வாசித்ததை நான் கேட்கவில்லை. இனி எழுதவேண்டாம்.

தர்ஷனா


கோப்பன்ஹேகன்
27 டிசம்பர் 2025

தர்ஷனா,

எழுதவேண்டாம் என்றீர். இது ஒன்றை மட்டும் வாசியும்.

நத்தாரன்று தமிழ்த் திருப்பலிக்கு உங்கள் ஊருக்கு வந்தேன். நான் சைவக்காரன், எங்கே முழங்காலில் நிற்பது, எங்கே எழும்புவது என்று தெரியாமல் பின்னால் நின்றேன். பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். ஸ்ரிபன் பால்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார், நல்ல சிரிப்பு, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அங்கிளைச் சக்கரநாற்காலியோடு குடில் இருந்த மூலையில் விட்டிருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம்தான் கிடைத்தது.

அவருக்கு ஒன்றும் தெரியாது, தர்ஷனா. தொலைபேசியை ஏன் எடுத்தார்கள் என்று தெரியாது. முறைப்பாடு எழுதியது தெரியாது. அவர் என்னிடம் முதலில் கேட்டது, “அந்தப் பிள்ளை ஏன் வாறேல்லை? நான் அவவின்ரை வாயைக் களவெடுத்ததெண்டு கோவமோ?” என்பதுதான். ஒரு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தார். பிறகு சொன்னார், ஒவ்வொரு சொல்லாக.

“பேரைச் சொல்லும் தம்பி. மண்டபத்திலை, எல்லாருக்கும் முன்னாலை.”

முதியோர் இல்லத்தை ஞாபகப்படுத்தினேன். மகன் கோபத்தில் அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அவன் கேக்க வேணுமெண்டுதானே எழுதினது. அவன் பூப்போட்டவன் எண்டு சொல்லுறீர்” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தில் ஒரு பக்கம்தான் அசைகிறது.

ஸ்ரிபன் இரண்டு கோப்பையோடு வந்தார். ஒன்றை எனக்குத் தந்தார். அப்பாவுக்கு ஊட்டும்படி மற்றதையும் எனக்கே தந்துவிட்டுப் போனார்.

ஜனவரி 31 வரை பொறுத்துக்கொள்ளும். அன்று நான் சொல்வேன். இந்த முறை சொல்வேன்.

நிதுஷன்


சில்க்போர்க்
26 ஜனவரி 2026

நிதுஷன்,

சனிக்கிழமை அவருடைய பெயரைச் சொல்லவேண்டாம்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வைலேயில் ஒரு சலவைத் தொழிற்சாலை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் ஓடும் பட்டையில் வரும், இரண்டு நுனியையும் பிடித்து இயந்திரத்துக்குள் விடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்று தெரியாது. காதில் அடைப்பான். ஒருவருடனும் கதைக்கத் தேவையில்லை. விரிப்புக்கு நோகாது, விரிப்பு வாசலில் நின்று முடிந்ததா என்று கேட்காது. காலையில் ரயிலில் ஏறும்போது இருட்டு, இறங்கும்போது இருட்டு, இடையில் குழாய்விளக்கு. எனக்கு இது பழகிவிட்டது. பழகியது கவலைப்படவேண்டிய விஷயமா என்று யோசித்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

பழைய வேலைப் பெண் நேற்றுச் சந்தித்தாள். ஸ்ரிபன் முதியோர் இல்லத்துக்கான படிவத்தை எடுத்து நிரப்பி வைத்திருக்கிறாராம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்று கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறதாம், அவளே கண்டிருக்கிறாள். அவர் தயங்குகிறார். சங்கத்துச் செயலாளர் அப்பாவை இல்லத்தில் விட்டார் என்று சனம் கதைக்கும் என்ற பயம்தான் அங்கிளை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறது. நீங்கள் மண்டபத்தில் பெயரைச் சொன்னால், சனம் கதைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமிருக்காது. அன்றே கையெழுத்துப் போடுவார்.

அங்கிளே சொல்லச் சொன்னார் என்பீர்கள். அவருக்கு எங்கே போகப்போகிறோம் என்று தெரியாது. எனக்குத் தெரியும், அங்கே மூன்று வருடம் வேலை செய்திருக்கிறேன். தமிழில் ஒரு சொல் கதைக்க ஆள் இல்லாத ஒரு சுத்தமான அறை.

என் வேலை போனது போனதுதான். பெயர் சொல்ல விரும்பாதவர் என்றே வாசியுங்கள். நான் மண்டபத்துக்கு வரவில்லை.

தர்ஷனா


கோப்பன்ஹேகன்
4 பெப்ரவரி 2026

தர்ஷனா,

உம்முடைய கடிதம் நேற்று, செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டு கவிதைகள், தொண்ணூற்றிரண்டு நாள். ஒவ்வொரு திகதியாகப் பெயரை வாசித்தேன், ஆட்கள் எழும்பிக் கும்பிட்டார்கள், கைதட்டு. நவம்பர் இருபது வந்தபோது மண்டபத்தில் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள், நீர் வந்திருக்கிறீரா என்று. நான் அந்தோனிதாசன் என்று வாசித்தேன். ஒருவரும் தட்டவில்லை. அங்கிள் இரண்டாவது வரிசை ஓரத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஸ்ரிபன், நீல நிறச் சூட்டில்.

நான் இறங்கிப்போய் ஒலிவாங்கியை அங்கிளின் இடது கையில் கொடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தப் பிள்ளை எழுதேல்லை. நான். என்ரை மகன் நல்லவன். சாப்பாடு தாறான், மருந்து தாறான். தொடமாட்டான்.”

அவ்வளவுதான். ஒலிவாங்கியைத் திருப்பித் தந்தார். பின்வரிசையில் ஒருவர் ‘அருமை ஐயா’ என்றார். நான் அந்த ஆளைத் தேடினேன், பிடிக்க முடியவில்லை. பிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஸ்ரிபன் எழும்பி வெளியே போனார், குளிர்ச்சட்டை இல்லாமல். நான் இருபத்தோராம் திகதியை வாசித்தேன், இருபத்திரண்டை வாசித்தேன். பத்து நிமிடம் கழித்து வந்தார். அப்பாவின் குளிர்ச்சட்டையை எடுத்தார். நாற்காலிக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். தர்ஷனா, அவருக்கு அந்தக் கையை எப்படித் தூக்குவது என்று தெரியவில்லை. பிறகு சட்டையை மனைவியிடம் கொடுத்தார். அவ போட்டுவிட்டா.

முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பதாக ஞாயிறன்று எனக்குச் செய்தி அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை.

உம்முடைய கடிதம் முதலே வந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று எழுத விரும்புகிறேன். தெரியவில்லை. குழுவை மூடிவிட்டேன்.

நிதுஷன்


சில்க்போர்க்
23 பெப்ரவரி 2026

நிதுஷன் அண்ணை,

கம்பனி கூப்பிட்டது. தலைவி தவறு நடந்துவிட்டது என்றாள், யாருடைய தவறு என்று சொல்லவில்லை. வேலையைத் திருப்பித் தருகிறார்கள். மார்ச் இரண்டாம் திகதி தொடங்குகிறேன். தமிழ்க் கடையில் ஒருத்தி என் கையைப் பிடித்து, தான் முதலிலிருந்தே நம்பவில்லை என்றாள். அம்மா கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறா.

அந்தோனிதாசன் அங்கிளைப் பத்தாம் திகதி முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இங்கேயிருந்து காரில் நாற்பது நிமிடம், தற்காலிக அறை, பிறகு நிரந்தரமாகும். ஸ்ரிபன்தான் ஓட்டிக்கொண்டு போனாராம். நான் இன்னும் போகவில்லை. போவேன் என்று எழுதினால் அது உங்களுக்காக எழுதுவதாகத்தான் இருக்கும்.

நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லி இன்னொரு கடிதம் எழுதுவதற்கு முன் இதை வாசியுங்கள். அந்த ஜனவரிக் கடிதத்தைத் தபாலுக்குக் கொடுத்த கடையில், போய்ச்சேர ஐந்து வேலைநாள் ஆகும், சிலவேளை கூட ஆகும் என்று கடைக்காரி சொன்னாள். அன்று திங்கட்கிழமை. நான் விரலில் எண்ணினேன். சனிக்கிழமைக்குள் வராது.

உங்கள் நம்பரை நத்தாருக்கே தடையிலிருந்து எடுத்துவிட்டேன். தொலைபேசி கையில்தான் இருந்தது, நூறு வீதம் சார்ஜ். சொல்லாதீர்கள் என்று சொல்ல மூன்று செக்கன் போதும். கடைக்காரி முத்திரையை ஒட்டிவிட்டு, அவசரமா, வேகமாகப் போகிற மாதிரி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அவசரமில்லை என்றேன்.

தர்ஷனா